பிரபுவின் பண்ணையும் துரையின் தோட்டமும்

நாம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், சரித்திரப் புத்தகத்தின் நடுவே முழுப் பக்கத்துக்கு ஒரு படம் இருந்தது. மேட்டின்மீது ஒரு பெரிய மாளிகை. அதன் அடிவாரத்தில் ஒரு மாதா கோயில். ஓடைக்கரையில் மாவரைக்கும் ஆலை. சற்று அப்பால் நெருக்கமாகக் கூரைக் குடிசைகள். அவற்றைச் சுற்றிலும் கோடு கிழித்தாற்போல் நீண்ட வயல் துண்டுகள். 'மத்திய காலத்து ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் பண்ணை' என்று கீழே எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அதனை 'மேனர்' என்பர். அப்படத்தைப் பார்த்து வரைந்தோம், பகுதிகளுக்குப் பெயரிட்டோம், பரீட்சையில் மதிப்பெண்ணும் பெற்றோம்.

விடுமுறைக்கு வீடு திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் சாலையில் நடக்கும்போது, மேட்டின்மேல் துரையின் பங்களா நின்றது. கீழே மாரியம்மன் கோயில் நின்றது. பால் கொட்டகை நின்றது. வரிசை பிடித்து லயங்கள் நின்றன. இவற்றைக் கண்ட கண்கள் அந்தப் படத்தை நினைக்கவேயில்லை. புத்தகத்தில் இருப்பது சரித்திரம், நம் வாசலில் இருப்பது வெறும் வயிற்றுப்பாடு என்று எண்ணியிருந்தோம் போலும்!

இன்று தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் சில ஆண்டுகள் கழிந்தபின், அப்பழைய படம் அடிக்கடி மனத்தில் எழுகின்றது. அயலார் சரித்திரம் என்று தள்ளிவைத்த ஒன்று, நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த வாழ்வை அளந்து பார்க்க ஏற்றதோர் அளவுகோல் என்று தோன்றுகிறது. அளந்து பார்க்குமிடத்துப் பல இடங்களில் இரண்டும் ஒத்திருக்கின்றன. முக்கியமான ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வாதிருக்கின்றன. அவ்வொவ்வாமையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரபுவின் பண்ணை

மேற்கு ஐரோப்பாவில் ரோமப் பேரரசு சிதைந்து, கொள்ளையும் படையெடுப்பும் மலிந்த நூற்றாண்டுகளில், அரசர்கள் தம் நாட்டைத் தாமே காக்கும் வலிமையற்றுப் போயினர். ஆகவே நிலத்தைப் பிரபுக்களுக்குப் பகிர்ந்தளித்து, அதற்கு ஈடாகப் படைத்துணை பெற்றனர். பிரபுக்கள் தமக்குக் கீழ்ப்பட்ட குதிரை வீரர்களுக்கு அவ்வாறே பகிர்ந்தளித்தனர். இந்தப் படிக்கட்டின் அடியில், அத்தனை பேரையும் தன் தோளில் சுமந்துகொண்டு நின்றவன் உழவன்.

இங்கிலாந்தை 1066-இல் வென்ற வில்லியம் அரசன், தான் வென்ற நாட்டில் ஊர்தோறும் எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடி உள்ளன என்று அதிகாரிகளை அனுப்பி எழுதச் செய்தான். 1086-இல் எழுதிய அந்தக் கணக்குக்கு மக்கள் பின்னர் 'டூம்ஸ்டே' ஏடு என்று பெயரிட்டனர். இறுதித் தீர்ப்பு நாளின் ஏடு என்பது அதன் பொருள். அந்நாளில் எழுதியதை எப்படி மறுக்கவியலாதோ, அப்படியே இதில் எழுதியதையும் மறுக்கவியலாது என்பது கருத்து. ஏட்டுக்கு உழவன் அஞ்சிய அச்சம் அப்பெயரிலேயே புலனாகின்றது.

பண்ணையின் விளைநிலம் இரண்டு வகைப்பட்டது. ஒன்று பிரபுவுக்கே உரிய நிலம். மற்றது குடிகள் தமக்கென உழுத துண்டு நிலங்கள். குடியானவன் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் கூலியின்றிப் பிரபுவின் நிலத்தில் உழைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் தன் கதிர் வயலில் உதிர்ந்துகொண்டிருந்தாலும், பிரபுவின் கதிரை முதலில் அறுத்துக் கொடுத்தல் வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டவேண்டும். குடும்பத் தலைவன் இறந்தால், வீட்டிலுள்ள மாடுகளில் சிறந்த ஒன்றைப் பிரபுவின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு போவர். பிணம் எடுத்த வீட்டில் மாடும் போயிற்று! தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்கவேண்டும். அரைப்பதற்கு ஒரு பங்கு மாவு அங்கேயே நின்றுவிடும். அனுமதியின்றிப் பண்ணையை விட்டு நீங்குதல் கூடாது. ஓடிப்போய்ப் பட்டயம் பெற்ற நகரம் ஒன்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் மட்டும் அவன் சுதந்திர மனிதன்.

இக்குடியானவனுக்கு ஆங்கிலத்தில் 'வில்லெயின்' என்று பெயர். நாடகத்திலும் சினிமாவிலும் கொடியவனை 'வில்லன்' என்கிறோமே, அச்சொல் இதிலிருந்தே பிறந்தது. உழைத்துச் சோறு போட்டவனின் பெயரைப் பிறகு வந்தோர் கொடியவனுக்குச் சூட்டினர். 'கூலி' என்ற நல்ல தமிழ்ச் சொல் இந்நாட்டில் வசைச் சொல்லான கதையை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பண்ணையை நடத்தியோர் யாவர்? பிரபு பெரும்பாலும் ஊரில் இரான். அவனுக்காக மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரி உண்டு. அவ்வதிகாரிக்குக் கீழே, குடியானவருள் ஒருவனையே தேர்ந்து, மற்றவரை வேலைக்கு இழுத்துவரும் பொறுப்பில் வைத்தனர். 'ரீவ்' என்பது அவன் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத ரீவ், மரக்குச்சியில் வெட்டு வெட்டிக் கணக்கு வைத்தான். ஆண்டுதோறும் செப்டம்பர் 29-ஆம் நாளை ஒட்டி, அவ்வெட்டுகளைப் பார்த்து ஏட்டில் ஏற்ற ஒரு கணக்கன் வந்தான். அவனை நினைக்கும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அவன் நம் தொழிற்பாட்டன் அல்லனோ?

இத்தனை கொடுமைக்கு நடுவிலும் அக்குடியானவனுக்கு ஒன்று இருந்தது. தன் துண்டு நிலத்துக்குரிய வேலையையும் வரியையும் செலுத்திவரும்வரை, பண்ணை வழக்கப்படி அந்நிலம் அவனிடமே நின்றது. அவனுக்குப்பின் அவன் மகனிடம் சென்றது. பொது மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கவும், காட்டில் விறகு பொறுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. பிரபு மாறினாலும் குடி மாறுவதில்லை. மண்ணோடு அவனைக் கட்டிவைத்தனர். மண்ணும் அவனோடு கட்டுண்டு கிடந்தது. இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக.

நம்மவர் பண்ணை

'இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுக் கொடுமைகள். நம் முன்னோர் அறமே உருவானவர்' என்று சிலர் மார் தட்டக்கூடும். கெடாவில் வாழும் தமிழருக்கு அந்தப் பெருமை பேச வாய்ப்பும் அதிகம். இராசேந்திர சோழன் 1025-இல் வென்ற கடாரம் இதுவென்று மேடைதோறும் முழங்குகிறோம். அச்சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே மனிதரை விலைக்கு விற்ற செய்திகளும், கோயிலுக்கு அடிமையாக எழுதிக்கொடுத்த செய்திகளும் காணப்படுகின்றன என்பதை எந்த மேடையில் சொல்லுகிறோம்? கடாரம் வென்ற பெருமையில் பங்கு கேட்கும் நாம், வயலில் நின்றவனின் கண்ணீரிலும் பங்கு ஏற்கவேண்டாமா?

காவிரிக் கழனிகளில் பண்ணையாள் முறை மிக நெடுங்காலம் நிலவிற்று. மிராசுதாரரின் நிலத்தில் குடிசை, கூலி நெல், மகன் திருமணத்துக்கு மிராசுதாரரிடமே கடன், அக்கடனுக்கு ஈடாகக் குடும்பமே ஆயுள் முழுதும் உழைப்பு. சாதி என்னும் இரும்பு வேலி வேறு. ஐரோப்பியக் குடியானவனேனும் பிரபுவோடு ஒரே மாதா கோயிலுக்குள் நின்று தொழுதான். சேரியில் வாழ்ந்த நம்மவனுக்கு அதுவும் இல்லை. அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகா என்று 1843-இல் ஆங்கில அரசு சட்டம் செய்தது. காகிதத்தில் அடிமை ஒழிந்தான். கடன் சீட்டில் மறுபடியும் பிறந்தான். கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் 1940-களிலும் இருந்தன, பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயச் சங்கமே அவற்றை எதிர்த்து நின்று ஒழித்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலாயின.

கெடா நாட்டிலும் மலாய்க் குடியானவர்கள் 'கெராஹ்' என்னும் கட்டாய ஊழியத்துக்கு உட்பட்டிருந்தனர். அரசரோ பெருந்தலைவரோ அழைத்தால் கூலியின்றிச் சென்று வாய்க்கால் வெட்டவும் பாதை போடவும் வேண்டும். ஆகவே மேனர் முறை ஐரோப்பாவின் தனிச்சொத்து அன்று. நிலம் சிலர் கையிலும் உழைப்பு பலர் தோளிலும் இருந்த இடமெல்லாம் அதன் உறவினர் இருந்தனர்.

துரையின் தோட்டம்

நிற்க. அந்தக் காவிரிக் கழனிகளிலிருந்தும், வறண்ட பிற மாவட்டங்களிலிருந்தும் நிலமற்றோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவை ஆங்கிலேயர் 1786-இல் பெற்றனர். அதன் எதிர்க்கரையான வெல்லெஸ்லி மாகாணத்தை 1800-இல் பெற்றனர். இன்று செபராங் பிறை எனப்படும் அக்கரையின் கரும்புத் தோட்டங்களுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் முதன்முதலாகப் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வந்தது ஒப்பந்தக் கூலி முறையில். நம் மக்கள் வாயில் அது 'சஞ்சிக் கூலி'. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவனைச் சட்டம் குற்றவாளியாகத் தண்டித்தது. ஓராண்டும் ஒரு நாளும் ஒளிந்திருந்தால் விடுதலை தரும் நகரமும் அவனுக்கு இல்லை!

1909-இல் சயாமியரின் மேலாண்மை நீங்கிக் கெடா ஆங்கிலேயரின் பாதுகாப்புக்குள் வந்தது. அது ரப்பர் பெருகிய காலம். கூலிம், லுனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடழிந்து பால்மரம் எழுந்தது. 1910-இல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை ஓங்கிற்று. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, தன் உற்றார் உறவினரையே அழைத்து வந்தான். நாள்தோறும் பிரட்டுக்கு வந்த தலைக்கு இத்தனை காசு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. இப்பொழுது அந்தப் பழைய படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஊரில் இராத பிரபு, லண்டனிலுள்ள கம்பெனி. மேற்பார்வை அதிகாரி, பங்களாவிலுள்ள துரை. குடிகளுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டுக் குடிகளை இழுத்துவரும் ரீவ், நம் கங்காணி. குச்சியில் வெட்டியதை ஏட்டில் ஏற்றும் கணக்கன், செக்ரோல் எழுதும் கிராணி.

பிரபுவின் ஆலைக்கு ஈடாகத் தோட்டத்தில் என்ன இருந்தது? கள்ளுக்கடை இருந்தது. விடிவதற்குமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பனியில் நிரைக்குப் போய்ப் பால் வெட்டி, வாளி வாளியாகச் சுமந்து சேர்த்த மனிதன், மாலையில் தன் கூலியின் ஒரு பகுதியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திரும்பக் கொட்டினான். ஒரு கையால் கொடுத்துப் பிறிதொரு கையால் வாங்கிக்கொள்ளும் வித்தையில் பிரபுவின் ஆலைக்கும் இதற்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. ஒரு வேற்றுமை சொல்லலாம்: ஆலை மாவையாவது திருப்பித் தந்தது.

மரியாதை என்னும் வரியும் இருந்தது. 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படிப்போர் திடுக்கிடுவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடுதல் ஆகியவற்றோடு, துரையும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. சைக்கிளில் செல்வதற்கும் ஒரு கோரிக்கை! அதைவிட நம்மைச் சுடுவது வேறொன்று. பெண்களிடம் தகாத முறையில் நடப்போர் என்று அவர்கள் குற்றஞ்சாட்டிய வரிசையில் வெள்ளையரோடு 'கறுப்பு வெள்ளையரும்' இடம்பெற்றனர். ஆங்கிலம் படித்துக் காரியாலயத்தில் அமர்ந்த நம் வகுப்பாரையே அச்சொல் சுட்டியது. அந்த வேலைநிறுத்தத்தை அரசு படையைக் கொண்டு அடக்கிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கிராணிமார் தம் பங்கை மறந்துவிட்டுச் சரித்திரம் எழுதலாகாது. எனவேதான் இதனை இங்கே எழுதுகிறோம்.

ஒற்றுமைகள் இவை. இனி அந்த ஒவ்வாமையைக் காண்போம். ஐரோப்பியக் குடியானவனுக்குத் துண்டு நிலம் இருந்தது என்றோம். பால்மரத் தோட்டத்தில் வெட்டுக்காரனுக்கு இருந்தது என்ன? லயத்தில் ஓர் அறை. அதன் பின்னால் நாலு கீரைப் பாத்தி. வேலை உள்ளவரை அறை. வேலை போனால் அறையும் போயிற்று. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. பல்லாயிரக்கணக்கான தமிழர் மூட்டை முடிச்சோடு கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். காட்டை அழித்தவரும் கன்று நட்டவரும் அவர்களே. ஆயினும் விலை இறங்கிய அன்று அவர்கள் தலைக்கணக்கில் மிகையான எண்களாயினர். மேனர்க் குடியானவன் பஞ்சத்தில் பட்டினி கிடந்தான். ஆனால் தன் துண்டு நிலத்தில் கிடந்தான்.

கொள்ளை நோயும் பெரும்போரும்

அடிமைக் கட்டு அங்கே எவ்வாறு தளர்ந்தது? அரசன் இரங்கியதாலும் அன்று. பாதிரி உபதேசித்ததாலும் அன்று. 1348, 49 ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'கருஞ்சாவு' என்னும் கொள்ளை நோய் புகுந்து, மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. உழ ஆளில்லை. எஞ்சிய உழைப்பாளி தன் அருமையை உணர்ந்தான். கூடுதல் கூலி கேட்டான். கொடாத பண்ணையை விட்டுக் கொடுக்கும் பண்ணைக்குப் போனான். உடனே 1351-இல் பார்லிமெண்டு கூடிற்று. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் செய்தது. ஆள் மலிந்தபோது 'சந்தை நிலவரம்' பேசுவோர், ஆள் அரிதானபோது சட்டப் புத்தகத்தைத் தூக்குவர். இது எல்லா நாட்டுக்கும் பொது.

அடக்கி வைத்த குமுறல் 1381 ஜூனில் வெடித்தது. தலைவரி காரணமாகக் கிளர்ந்த குடியானவர், வாட் டைலர், ஜான் பால் என்போர் தலைமையில் லண்டனுக்குள் புகுந்தனர். பதினான்கு வயதுச் சிறுவனான இரண்டாம் ரிச்சர்டு அரசன் விடுதலைப் பட்டயங்கள் எழுதித் தந்தான். மறுநாளே வாட் டைலர் வெட்டுண்டான். சில நாளில் பட்டயங்களும் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அக்கிளர்ச்சியில் செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் நடந்த ஒரு செய்தி நெஞ்சை விட்டு அகலாதது. அவ்வூர் மடத்துத் தலைவர், தம் ஆலையை விட்டு வீட்டுத் திரிகையில் மாவரைத்த மக்களின் திரிகைக் கற்களை முன்னொரு காலத்தில் பறித்து, தம் கூடத்துத் தரையில் பதித்துவிட்டார். ஐம்பது ஆண்டுகள் அக்கற்கள் காலடியில் கிடந்தன. 1381-இல் மக்கள் உள்ளே புகுந்து, அத்தரையைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சென்றனர்.

நம் கெடாவுக்கும் ஒரு கொள்ளை நோய்க் காலம் வந்தது. ஜப்பானியர் காலம் அது. 1942, 43 ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தனர். போனவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. தொழிலாளரை உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-லேயே தடுத்துவிட்டபடியால், போருக்குப் பின் புதிய ஆளும் பழையபடி வரவில்லை. எஞ்சியவர்கள் நிமிர்ந்து நின்றனர். பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் 'தொண்டர் படை' தோன்றிற்று. இளைஞர்கள் காலையில் அணிவகுத்துப் பயின்றனர். குடியை ஒழிப்போம் என்று சூளுரைத்தனர். 1947-இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். போலீசாரோடு மோதல் மூண்டது. உயிர்ச்சேதமும் கைதுகளும் சிறைவாசமும் தொடர்ந்தன. கள்ளைக் குடிக்காதே என்பது ஒழுக்க உபதேசமாகக் கோயில் வாசலில் சொல்லப்பட்டவரையில் யாரும் அஞ்சவில்லை. அதையே கூலிக்காரன் கடைவாசலில் நின்று சொன்னபோது துப்பாக்கி வந்தது. அவன் கேட்டது தன் திரிகைக் கல்லை என்பதை அதிகாரம் நன்றாக உணர்ந்திருந்தது.

ஏடு எரிந்த கதை

1381-இல் கிளர்ந்த மக்கள் பல ஊர்களில் முதலில் தேடியது பொன்னை அன்று. பண்ணை நீதிமன்றத்து ஏடுகளைத் தேடினர். இன்னான் இன்னானுக்கு அடிமை, இன்னான் இத்தனை நாள் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன் என்று அவற்றில் எழுதியிருந்தது. அவற்றைத் தெருவில் குவித்து எரித்தனர். 1789 கோடையில் பிரெஞ்சுக் குடியானவரும் மாளிகைகளுக்குள் புகுந்து ஏடுகளைத்தான் எரித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 4 இரவில் பிரபுக்களின் உரிமைகளை ஒழிக்கத் தேசிய சபை தீர்மானித்தது.

ஆனால் எரியாமல் தப்பிய ஏடுகள் இங்கிலாந்தில் வேறொரு வேலை செய்தன. அடிமைத்தனம் மெல்ல மெல்லத் தேய்ந்து, பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்தது. அப்போது, 'இந்நிலம் உன்னுடையது என்பதற்குச் சான்று எங்கே?' என்ற கேள்வி எழுந்தது. பேரன் பண்ணை ஏட்டைக் காட்டினான். 'என் பாட்டன் இத்துண்டு நிலத்துக்காக ஊழியம் செய்தான் என்று இதோ எழுதியிருக்கிறது. ஆகவே நிலம் எங்களுடையது' என்றான். அவ்வேட்டின் நகலே அவனுக்குப் பட்டாவாயிற்று. 'காப்பிஹோல்டு', அதாவது நகலுரிமை என்னும் பெயரில் அது 1926-இல் முழு உடைமையாக மாற்றப்படும்வரை நீடித்தது. வேலியடைப்புக் காலத்தில் பலர் அந்நிலத்தையும் இழந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அடிமைச் சாசனமே உரிமைச் சாசனமாக மாறியதோர் அதிசயம் அங்கே நடந்தது.

இங்கே நடந்தது என்ன? சில ஆண்டுகளுக்குமுன், நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தின் காரியாலயத்துக்கு ஒரு மூதாட்டி வந்தார். ஆயுள் முழுதும் பால் வெட்டிய கைகள். விரல்கள் உளி பிடித்த நிலையிலேயே மடங்கிப் போயிருந்தன. கையில் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, இங்கே பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்கிறார்களாம். "ஐயா, எங்கப்பா பேரு பழைய செக்ரோல்ல இருக்கும். அவரு இங்கதான் வேல செஞ்சாரு, நான் இந்த லயத்துலதான் பொறந்தேன். கொஞ்சம் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். பழைய புத்தகங்கள் இருந்த அலமாரி எங்கே என்று விசாரித்தோம். தோட்டம் கைமாறியபோது, இடத்தை அடைக்கிறது என்று அவற்றைச் செம்பனைக்குள் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

அவரிடம் அதைச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. சொன்னோம். "எரிச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, துரை அறைக்கு எதிரே நிற்பவர்போல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அங்கே ஏட்டை எரித்தவர் குடியானவர். தம் கட்டை அறுக்க எரித்தனர். இங்கே எரித்தவர் உடைமையாளர். குப்பை என்று எரித்தனர். எரிந்தது அம்மூதாட்டிக்கு இருந்த ஒரே சாட்சி. அறுபது, எழுபது ஆண்டுகள் நாள் தவறாமல் பெயரெழுதி, இத்தனை ராத்தல் பால், இத்தனை காசு கூலி என்று கணக்கு வைத்த ஏடுகளில் ஒரு வரிகூட 'இவர் இம்மண்ணுக்கு உரியவர்' என்று ஆகவில்லை. நாம் முதலில் சொன்ன ஒவ்வாமை இதுவே. மேனர்க் குடியானவனுக்குப் போகச் சுதந்திரமில்லை. இருக்க உரிமை இருந்தது. தோட்டத் தமிழனுக்குச் சஞ்சி ஒழிந்தபின் போகச் சுதந்திரம் இருந்தது. இருக்க உரிமை இல்லை.

இனி நாம் செய்யத்தக்கது

இது விதி என்று சொல்வோரை நாம் ஏற்பதற்கில்லை. மனிதர் கட்டியதை மனிதர் மாற்றியிருக்கின்றனர். தமிழ்நாட்டில் 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளருக்கு அம்மனை சொந்தமாயிற்று. வெண்மணி எரிந்து மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த செயல் இது. காணி நிலமும் அன்று, ஒரு குடிசை நிற்கும் இடம்தான். ஆயினும், 'என் இடத்தை விட்டுப் போ' என்ற ஒரு சொல்லின் வலிமையை அது முறித்தது.

மலாயாவிலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1950-களில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் துண்டு துண்டாக்கினர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த அத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். அக்கேட்டுக்கு மாற்றாக, 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். துரை பங்களா நின்ற மேடு, அடிவாரத்து லயத்தாரின் பங்குப் பணத்துக்கு வந்தது. எல்லாத் தோட்டமும் அவ்வாறு ஆகவில்லை. பிற்காலத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கும், பிறகு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. லயத்தார் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறினர். ஆனால் வழி உண்டு என்பதை ஒரு தோட்டம் காட்டிவிட்டது. இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தோட்டத்திலிருந்து பட்டணம் சேர்ந்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டோ, தோட்டப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழோ, பிறப்புச் சீட்டோ, கப்பல் சீட்டோ இருந்தால் குப்பை என்று எறியாதீர்கள். பிள்ளை பிறந்த உடனே பதிவு செய்யுங்கள். ஜாதகம் எழுதுவதற்குக் காட்டும் அவசரத்தைப் பிறப்புப் பத்திரம் எடுப்பதில் காட்டுங்கள்; கிரகங்கள் காத்திருக்கும், பதிவு அலுவலகம் காத்திராது.

நம் போன்ற கிராணிமாருக்கும் ஒரு சொல். இன்று நாம் எழுதும் ஏட்டில் தமிழ்ப் பெயர்கள் குறைந்துவிட்டன. நம் பாட்டியர் குடியிருந்த லயங்களில் வங்காள தேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்கின்றனர். அவர்களுடைய கடவுச்சீட்டைப் பிறர் பிடித்து வைப்பதைச் சட்டம் குற்றம் என்கிறது. ஆயினும் அது நடந்திருக்கிறது. அவர்கள் எதிரே வரும்போது நாம் பாட்டன் துரைமுன் சைக்கிளை விட்டு இறங்கியதை நினைக்கிறோமா, அல்லது அவர்கள் இறங்கவேண்டுமென்று எதிர்பார்க்கிறோமா? 'கறுப்பு வெள்ளையர்' என்ற பெயர் நம்மிடமிருந்து நீங்கிற்றா என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

நேற்றுக் காலையும் பிரட்டுக்குப் பின் ஏட்டைத் திறந்தோம். பெயர்களை எழுதும்போது, முன்போல் எண்ணும் எழுத்துமாகக் கிறுக்கிவிடாமல், தந்தை பெயரையும் சொந்த ஊரையும் கேட்டுத் தெளிவாக எழுதினோம். இந்த ஏட்டை என்றோ ஒருநாள் யாரோ ஒருவருடைய பேத்தி தேடி வரக்கூடும். அப்பொழுது அது எரியாதிருத்தல் வேண்டும். அதில் அவள் பாட்டனின் பெயர் பிழையின்றி இருத்தல் வேண்டும்.